வண்ணமும் இழையும்

திருவிழா நாள்களில் கடைத்தெருவில் செல்வோர் துணிக்கடையின் முன் சற்றே நின்று நோக்குவர். செந்நிறச் சேலையும், கிளிப்பச்சைப் பாவாடையும், கருநீலக் கரையிட்ட வேட்டியும் அவர்தம் கண்ணைக் கவரும். இளையோர் நிறத்தின் அழகிலேயே மனம் தோய்ந்து நிற்க, உடன் வந்த முதுமகள் ஒருவர் மட்டும் சேலையின் ஓரத்தை ஈரவிரலால் தேய்த்துப் பார்த்து, "சாயம் போகுமா, தம்பி?" என்று வினவுவார். "போகாது, அம்மா, கெட்டிச் சாயம்" எனக் கடைக்காரர் விடையிறுப்பார்.

அவ்வினா எளியது, அதற்குரிய விடையோ எளிதன்று. மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்த துணி, சில நாள் வெயிலில் காய்ந்தவுடன் வெளிறிவிடுகின்றது. அவுரி நீலம் ஏற்றிய துணியோ பல சலவை கண்ட பின்னும் நீலமாகவே விளங்குகின்றது. ஒன்று போவதற்கும் மற்றொன்று நிற்பதற்கும் காரணம் யாது? விடையின் ஒரு பாதி சாயத்தில் உள்ளது. மறு பாதி இழையில் உள்ளது. மெய்யெழுத்தும் உயிரெழுத்தும் கூடியே உயிர்மெய் பிறத்தல் போல, இழையும் சாயமும் கூடியே வண்ண ஆடை பிறக்கின்றது. இவ்விரண்டின் இயல்பையும் ஒருங்கே ஆராயும் கல்வியே பலபடி வேதியியலும் நிற வேதியியலும் ஆகும். உலகின் பல பல்கலைக்கழகங்களில் இது தனித்துறையாகப் பயிலப்படுகின்றது.

முன்னோர் கைத்திறன்

சாயமிடுதல் நம் நாட்டில் மிகத் தொன்மையான தொழில். சோழமண்டலக் கரையில் வாழ்ந்த சாயக்காரர், மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேரைத் தோண்டியெடுத்துச் செந்நிறம் ஏற்றினர். துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்தும், படிகாரக் கரைசல் தடவியும் பதப்படுத்திய பின்னரே சாயக் கொப்பரையில் இட்டனர். படிகாரம் இன்றேல் செந்நிறம் பற்றாது என்பதைத் தம் பட்டறிவால் அவர்கள் அறிந்திருந்தனர்.

மரம் என்னும் சொல்லோடு 'ஐ' உருபு சேருங்கால் இடையே 'அத்து' என்னும் சாரியை தோன்றி, மரத்தை என முடிதலை மாணவர் இலக்கணத்தில் பயின்றிருப்பர். அச்சாரியை செய்யும் தொழிலையே படிகாரம் செய்கின்றது. அதிலுள்ள அலுமினியம் ஒரு புறம் இழையையும் மறு புறம் சாயத்தையும் பற்றி நின்று இரண்டனையும் பிணைக்கின்றது.

அவுரியின் செய்தி வேறு. அதன் நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் இழைக்குள் புகுவது எங்ஙனம்? சாயக்காரர் அதனைத் தொட்டியிலிட்டுப் புளிக்கவைத்துக் கரையும் பொருளாக மாற்றினர். அத்தொட்டியில் தோய்த்தெடுத்த துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். காற்றுப்பட்டவுடன், காண்போர் வியக்கும் வண்ணம், நீலமாக மாறும். இழைக்குள் கரைந்து புகுந்த பொருள், உள்ளேயே மீண்டும் கரையாத நீலமாகி உறைந்துவிடுதலே அதன் உறுதிக்குக் காரணம்.

இவ்வறிவு தந்தையிடமிருந்து மைந்தனுக்குக் கைவழியாக வந்தது. இன்னது செய்தால் இன்னது விளையும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அஃது ஏன் விளைகின்றது என்னும் வினாவிற்கு விடைகாணும் கருவிகள் அந்நாளில் தோன்றவில்லை.

ஒரு மாணவரின் கண்டுபிடிப்பு

1856 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் என்றி பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர் வேதியியல் பயின்று வந்தார். அவருடைய ஆசிரியர் ஆஃப்மன் என்னும் செருமானிய அறிஞர். மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க இயலுமா என்று ஆசிரியர் எண்ணியிருந்தார். ஈஸ்டர் விடுமுறையில் பெர்க்கின் தம் வீட்டிலிருந்த சிறு ஆய்வறையில் அதற்கு முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலின் என்னும் பொருளைக் கொண்டு அவர் செய்த சோதனையில் கொயினா கிடைக்கவில்லை. கரிய கசடு ஒன்றே எஞ்சியது.

பிறராயின் அதனை வெளியே கொட்டியிருப்பர். பெர்க்கின் குப்பியைச் சாராயம் விட்டுக் கழுவினார். அழகிய ஊதா நிறம் தோன்றியது. அதில் பட்டுத்துணியைத் தோய்த்துப் பார்த்தார். நிறம் பற்றியது, சலவையிலும் வெயிலிலும் எளிதிற் போகவில்லை. தோற்ற சோதனையின் கசடே தொழிற்சாலையில் ஆக்கப்பெற்ற முதற் செயற்கைச் சாயங்களுள் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டில் தந்தையும் தமையனும் துணைநிற்க, கிரீன்ஃபோர்டு என்னுமிடத்தில் அவர் தொழிற்சாலை அமைத்தார்.

ஆயினும் அவர்முன் ஒரு தடை நின்றது. பட்டு எளிதில் ஏற்ற அச்சாயத்தைப் பருத்தி ஏற்க மறுத்தது. மக்கள் பெரிதும் உடுப்பதோ பருத்தி. பெர்க்கின் மீண்டும் ஆய்ந்து, துவர்ப்புப் பொருளால் பருத்தியை முன்னரே பதப்படுத்தும் முறையைக் கண்டார். நம் சாயக்காரர் கடுக்காயைக் கொண்டு செய்ததும் இதனோடு ஒத்ததே. சாயத்தை ஆக்குதல் மட்டும் போதாது, அதை ஏற்கும் இழையையும் அறிதல் வேண்டும் என்னும் உண்மை, செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கத்திலேயே விளங்கிவிட்டது.

அதன் பின்னர் இத்துறை விரைந்து வளர்ந்தது. சாயவேரின் செந்நிறத்திற்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளைச் செருமானிய அறிஞர் கிரேபி, லீபர்மன் ஆகிய இருவரும் 1868 இல் ஆய்வறையில் ஆக்கினர். 1897 இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. விளைவு நம் நாட்டையும் தாக்கியது. வயலில் அவுரி பயிரிட்டுப் பெற்ற நீலம், ஆலையில் ஆக்கிய நீலத்தோடு போட்டியிட இயலாது வீழ்ந்தது. ஆய்வறையில் நிகழும் ஒரு மாறுதல், பல்லாயிரம் காதத்திற்கு அப்பால் உள்ள உழவரின் வாழ்வையும் மாற்றவல்லது என்பதற்கு இதுவே சான்று.

இழையின் இயல்பு

சாயத்தின் அமைப்பைக் கண்ட அறிஞர்க்கு இழையின் அமைப்பு நெடுநாள் புதிராகவே இருந்தது. 1920 இல் எர்மன் ஸ்டாடிங்கர் என்னும் செருமானிய அறிஞர், பருத்தி, இரப்பர் முதலியவை மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை என்னும் கருத்தை வெளியிட்டார். பூக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து மாலையாக்குதல் போல, சிறு கூறுகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து பிணைந்து ஒரே பெரு மூலக்கூறாகின்றன என்றார் அவர். இத்தகைய பொருளே பாலிமர். தமிழில் பலபடி எனப்படும். அக்காலத்து அறிஞர் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை. ஸ்டாடிங்கர் தளராது சான்றுகளைத் திரட்டினார். 1953 இல் அவர்க்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இயற்கை தொடுத்த மாலையின் அமைப்பை அறிந்த மாந்தர் தாமே தொடுக்கவும் முற்பட்டனர். அமெரிக்க அறிஞர் கரோதர்ஸ் 1935 இல் நைலானை ஆக்கினார். 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவரும் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். இந்த இழை நீரை விரும்பாதது. ஆதலின் நீரில் கரையும் சாயம் அதனுள் புகாது. மிக நுண்ணிய துகளாக நீரில் பரவி நிற்கும் சாயத்தை, மூடிய கலத்தில் ஏறத்தாழ 130 பாகை செல்சியசு வெப்பத்தில் ஏற்றும் முறை அதற்கெனப் பயன்படலாயிற்று. இழை தோறும் சாயம் வேறுபடுதலின், சாயத்தின் கல்வியும் இழையின் கல்வியும் பிரிக்க இயலாதன ஆயின.

பருத்திக்கும் நற்காலம் வந்தது. ராட்டீ, ஸ்டீபன் என்னும் இரு பிரித்தானிய அறிஞர் கண்டறிந்த வினைச்சாயங்கள், பெர்க்கினின் கண்டுபிடிப்பிற்குச் சரியாக 100 ஆண்டுகட்குப் பின், 1956 இல் விற்பனைக்கு வந்தன. பழைய சாயங்கள் பல இழையின்மீது ஒட்டியோ உள்ளே அடைபட்டோ நின்றவை. வினைச்சாயமோ காரத்தின் துணையால் பருத்தியின் மூலக்கூற்றோடு வேதி வினை புரிந்து அதன் உறுப்பாகவே ஆகிவிடுகின்றது. இக்காலத்துப் பருத்திப் பின்னலாடைகளின் ஒளிமிக்க நிறங்களுட் பல இச்சாயங்களால் அமைந்தவையே.

கல்விக்கூடத்தில்

இத்தகைய கல்விக்கு நம் நாட்டில் வித்திட்ட நிலையங்களுள் தலையாயது, 1933 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறையாகும். துணி வேதியியலும் வேதிப் பொறியியலும் அதன் முதற் பாடங்களாய் இருந்தன. 1901 இல் சென்னையில் பிறந்த கி. வேங்கடராமன், சென்னையில் வேதியியல் பயின்று, இங்கிலாந்து சென்று மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்து திரும்பி, அத்துறையிற் சேர்ந்தார். 1938 இல் அதன் இயக்குநரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. செயற்கைச் சாயங்களின் வேதியியலைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் முதல் இரண்டு தொகுதிகள் 1952 இல் வெளிவந்தன. பிறநாட்டு அறிஞரின் பங்களிப்புடன் அது பின்னர் எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது. 1957 இல் புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநர் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பலபடியும் நிறமும் ஒரே பட்டப்படிப்பாக இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன. அங்குள்ள சாய நூலகம் வியப்பிற்குரியது. நூல்களுக்கு மாறாகச் சாயக் குப்பிகளே அங்கு அடுக்கப்பெற்றுள்ளன. 2014 இல் ஒரு வேதித் தொழில் நிறுவனம் நன்கொடையாக வழங்கிய அத்தொகுப்பில் ஏறத்தாழ 98,000 சாயங்கள் உள்ளன.

இக்கல்வியை மேற்கொள்ளும் மாணவர் முதலில் கணக்கு, இயற்பியல், வேதியியல் ஆகியவற்றில் அடிப்படை பெறுவர். பின்னர்க் கரிம வேதியியல், பலபடிகளின் அமைப்பு, சாயங்களின் ஆக்கம், நிறத்தை அளத்தல் என்பவை தொடரும். நிறத்தை அளக்கவும் கூடுமோ என ஐயுறுவார் உளர். ஒரு துணி எந்த ஒளியை எவ்வளவு திருப்பியனுப்புகின்றது என்பதைக் கருவி அளந்து எண்களாகத் தரும். 1931 இல் உலக அறிஞர் வகுத்த முறையே அதற்கு அடிப்படை. சாளரத்தின் பகலொளியில் ஒத்துத் தோன்றிய இரண்டு துணிகள், கடை விளக்கின் ஒளியில் வேறு வேறாகத் தோன்றுதலும் உண்டு. கண்ணை மட்டும் நம்பிய மாணவர் அங்கே ஏமாறுவார். எண்ணை மட்டும் நம்பினாலும் குறை நேரும். ஆடையை வாங்குவது கருவியன்று, கண்ணே. ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுத் தேர்தலே பயிற்சி.

முதுமகளின் ஈரவிரல் சோதனையும் அங்கு முறைப்படுத்தப்பெற்றுள்ளது. சாயமிட்ட துணியை வெள்ளைத் துணியோடு தைத்துச் சலவை செய்து, நிறம் எவ்வளவு மங்கியது, வெள்ளைத் துணியில் எவ்வளவு படிந்தது என்பவற்றை 1 முதல் 5 வரை மதிப்பிடுவர். ஒளியைத் தாங்கும் ஆற்றலை 1 முதல் 8 வரை அளப்பர். எண் மிகுந்தால் உறுதி மிகும்.

கூடமும் ஆலையும்

ஆய்வுக்கூடத்தில் மாணவர் கையாளும் துணி 5 கிராம் அளவினதே. அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு சாயம் ஏற்ற வேண்டுமெனில், வேண்டுவது 0.1 கிராம். அச்சிறு அளவை நிறுப்பதைவிட, 100 மில்லி லிட்டர் நீரில் 1 கிராம் சாயத்தைக் கரைத்து, அதில் 10 மில்லி லிட்டரை அளந்தெடுத்தல் பிழை குறைந்த முறை. அளக்குங்கால் 1 மில்லி லிட்டர் மிகுந்தால் கூடத்தில் சிறு துண்டொன்றே கெடும்.

அதே கணக்கை ஆலைக்குக் கொண்டு செல்வோம். ஒரு பொறியில் 500 கிலோகிராம் துணி இடப்படுகின்றது. வேண்டிய சாயம் 10 கிலோகிராம். துணியின் எடையைப்போல் பத்து மடங்கு நீர் எனக் கொண்டால், 5000 லிட்டர் நீர் தேவை. கூடத்தில் 1 மில்லி லிட்டராய் இருந்த பிழை இங்கே 1 கிலோகிராம் சாயமாகும். 500 கிலோகிராம் துணியும் நிறம் மாறிப்போகும்.

கணக்கு இத்துடன் முடிவதன்று. நீரில் மூழ்கிய பருத்தியிழை சிறிதே எதிர்மின் தன்மை அடையும். வினைச்சாயமும் அத்தன்மையதே. ஆதலின் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் செலுத்த உப்பு இடப்படுகின்றது. லிட்டருக்கு 60 கிராம் என வைத்துக்கொண்டால், 5000 லிட்டருக்கு 300 கிலோகிராம் உப்பு ஆகும். சாயத்தின் பெரும்பகுதி இழையோடு சேர்கின்றது. ஒரு பகுதி நீரோடு வினை புரிந்து வீணாகின்றது. உப்போ சிறிதும் இழையோடு சேர்வதில்லை. தன் பணியை முடித்து, 300 கிலோகிராமும் கழிவுநீரோடு வெளியேறுகின்றது.

நொய்யல் கற்பித்த பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் நொய்யலாறு, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து காவிரியில் கலக்கின்றது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்றது. தொழில் வளர வளரச் சாயச்சாலைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஆற்றைச் சேர்ந்தது. பாசனத்திற்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பெற்று 1992 இல் பயன்பாட்டிற்கு வந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கிணற்று நீர் உப்பேறியது; நிலம் விளைவு குன்றியது. வண்ணத்தையாவது கண்ணால் கண்டு வெறுக்கலாம். கரைந்த உப்போ கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த நீர்போல் தோன்றியே அது பயிரை வாட்டியது.

உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தும்வரை சாயச்சாலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான சாலைகள் மூடப்பெற்றன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் வேலையிழந்து வாடினர். ஆற்றோரத்து உழவர்க்கும் துன்பம்; ஆலைத் தொழிலாளர்க்கும் துன்பம். இரு சாராரின் துன்பத்தையும் ஒருங்கே நீக்கும் வழி, உப்பையும் நீரையும் பிரித்தறியும் அறிவிலேயே இருந்தது.

கழிவுநீரிலுள்ள மாசை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்து, பின்னர் அந்நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தினால், நன்னீர் ஒரு புறமும் உப்பு மிகுந்த நீர் மறு புறமும் பிரியும். உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்கலாம். மீட்ட நீரும் உப்பும் மீண்டும் சாயப்பொறிக்கே செல்கின்றன. இம்முறைகளை அமைத்த பின்னரே திருப்பூரின் சாயத்தொழில் மீண்டும் நிமிர்ந்தது. அச்சவ்வும் ஒரு பலபடியே என்பது நினைவிற்குரியது.

தொழில் வழிகள்

இத்துறையில் தேர்ந்தோர்க்குப் பணிகள் பல. இழை ஆக்கும் ஆலை, சாயம் ஆக்கும் ஆலை, சாயமிடும் ஆலை, துணியின் தரம் காணும் ஆய்வகம், கழிவுநீர் தூய்மை செய்யும் நிலையம் ஆகியவை அவர்களை வேண்டி நிற்கின்றன. வண்ணப்பூச்சும் அச்சுமையும் ஆக்குவோர்க்கும் இவ்வறிவு வேண்டும். அறுவை மருத்துவர் தைத்தபின் உடலுக்குள்ளேயே கரைந்து மறையும் நூலும் பலபடியால் ஆனதே. பயன்படுத்தி எறிந்த பாலியெஸ்டர்த் துணியைச் சிறு கூறுகளாகப் பிரித்து மீண்டும் புத்திழையாக்குதல், குறைந்த உப்பால் சாயமேற்றுதல், நீரே இன்றி அழுத்திய கரியமில வாயுவால் சாயமேற்றுதல் முதலிய முயற்சிகளும் இக்காலத்தில் நடைபெறுகின்றன.

பட்டம் மட்டும் இப்பணிகளுக்குத் தகுதி ஆகாது. விடுமுறை நாள்களில் ஆலைக்குச் சென்று பழகுதல் வேண்டும். பொறியின் அருகே பல்லாண்டு நின்ற தொழிலாளி, கொப்பரையின் ஆவியைக் கண்டே பிழை உணர்வார். அவரை வணங்கிக் கேட்டறிதல் இழிவன்று. சோதனை வென்றாலும் தோற்றாலும் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். தோற்ற சோதனையை உற்று நோக்கியதாலன்றோ பெர்க்கின் ஊதா நிறத்தைக் கண்டார்? கண்டதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும் சொல்வன்மையும் வேண்டும். ஆலை முதலாளிக்கும் உழவர்க்கும் ஒரே உண்மையை எடுத்துரைக்க வேண்டிய நாள் அவர்க்கு வரலாம்.

"சாயம் போகுமா?" என்பது துணிக்கடையில் நின்ற முதுமகள் கேட்ட வினா. அதற்கு நேர்மையாக விடை கூற மாணவர் சாயத்தையும் இழையையும் கற்கின்றனர். ஆற்றங்கரையில் நிற்கும் உழவர் கேட்கும் வினா ஒன்று உண்டு: "போன சாயம் எங்கே போகிறது?" முதல் வினாவிற்கு மட்டும் விடையறிந்தவர் நல்ல சாயம் ஆக்குவார். இரண்டு வினாவிற்கும் விடையறிந்தவரே கற்றவர் எனப்படுவார். இக்கல்வியை விரும்பும் மாணவர் இரண்டு வினாவையும் நெஞ்சில் இருத்திக் கற்பாராக.

வினாக்கள்

1. சாயத்தை ஏற்றுவதில் படிகாரம் சாரியை போல்வது எங்ஙனம்?
2. பெர்க்கின் எதிர்கொண்ட தடை யாது? அதனை அவர் எவ்வாறு நீக்கினார்?
3. பாலியெஸ்டர் இழைக்கு வேறு சாயமுறை தேவைப்பட்டது ஏன்?
4. 200 கிலோகிராம் துணிக்கு, இப்பாடத்தில் கூறிய அளவுகளின்படி, வேண்டும் சாயம், நீர், உப்பு ஆகியவற்றைக் கணக்கிடுக.
5. நொய்யலாற்றின் செய்தியால் உழவரும் தொழிலாளரும் உற்ற துன்பங்களையும், அவை நீங்கிய வழியையும் ஒரு கட்டுரையாக வரைக.